கூக்கால் வளைவில் ஒரு சம்பவம்

போன மாதம் மூன்று பெண் காவலர்கள் கொடைக்கானலில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த காவல் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். இனிமேல் வாக்குமூலத்தைக் கையால் எழுத வேண்டியதில்லை, ஆள் பேசப் பேசக் கணினியே எழுத்தாக்கிக் கொடுத்துவிடும் என்று ஒரு வகுப்பில் சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒருத்தி கேட்டாள்: "மேடம், முப்பத்து மூணு வருசம் கையாலயே எழுதுனீங்களே, நீங்க அதிகமா எழுதுன வார்த்தை எதுங்க?"

யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. "சம்பவம்" என்றேன்.

மூன்று பேரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் வேறு. அது எப்படி வேறானது, அதனால் கூக்கால் என்ற மலை ஊரில் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படித் தலைகீழாகப் போகப் பார்த்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு முறை டீ போட வேண்டியதாயிற்று. எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று போகும்போது கேட்டார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் அருள்மேரி. கொடைக்கானலுக்கு அப்பால் இருக்கிற மேல்மலைக்காரர்களுக்கு நான் ரைட்டரம்மா. புகாரை வாங்கி எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, கோர்ட்டுக்குப் போகும் தாள்களை ஒழுங்குபடுத்துவது எல்லாம் ஸ்டேஷன் ரைட்டரின் வேலை. அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். அங்கே ஒரு சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டி வரவழைத்த கையெழுத்து என்னுடையது. இருபத்தேழு வயதில் போலீஸ் வேலை கிடைத்தது. மைதானத்தில் ஓடச் சொன்னார்கள், ஓடினேன். கயிறு ஏறச் சொன்னார்கள், பாதி ஏறினேன். முதல் ஸ்டேஷனில் என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் லத்தியை வாங்கி வைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஸ்டேஷன் எழுத்தில் எது நடந்தாலும் அது சம்பவம். மாடு காணாமல் போனாலும் சம்பவம், கேரட் லாரி கவிழ்ந்தாலும் சம்பவம். "சம்பவ தினத்தன்று", "சம்பவ இடம்", "மேற்படி சம்பவத்தை நேரில் கண்ட சாட்சி" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதியிருப்பேன். நல்லது கெட்டது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

நடுவில் ஆறு ஆண்டுகள் மலைக்குக் கீழே ஒரு பெரிய ஊரில் வேலை பார்த்தேன். அங்கேதான் அந்தச் சொல் ஆள் மாறியதைக் காதால் கேட்டேன். விசாரணைக்குக் கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்திருக்கும் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். "போன வருசச் சம்பவத்துல நான் இல்லவே இல்ல." "அவன் ரெண்டு சம்பவம் பண்ணவன்." கொலை என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். கொலை என்று சொன்னால் அது ஒப்புதல் மாதிரி. சம்பவம் என்றால் யார் மேலும் ஒட்டாது. அந்தச் சொல்லை அவர்கள் எங்கே பிடித்தார்கள்? கோர்ட்டில் கூண்டுக்குள் நிற்கும்போது குற்றப்பத்திரிகையை வாசிப்பார்கள் அல்லவா, வரிக்கு வரி "மேற்படி சம்பவம்" வரும். நாங்கள் எழுதிக் கொடுத்ததுதான். அது அவர்கள் வாய்க்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்குப் போய், சினிமாவிலிருந்து செல்போனுக்கு வந்து, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சேர்ந்தது. அதற்குள் அதிலிருந்த ரத்தம் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. இப்போது யாராவது அசத்தலாக எதையாவது செய்தால் "சம்பவம் பண்ணிட்டான்". பரோட்டா நன்றாக இருந்தால் சம்பவம். என் தங்கை மகன் கல்யாணத்தில் தங்கையே மேடையேறி ஆடியபோது, கூடத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் "சம்பவம், சம்பவம்" என்று கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இந்த வழியெல்லாம் நான் காதால் கேட்டுச் சேர்த்து வைத்தது. மொழி படித்தவர்கள் வேறு வழி சொல்லலாம்.

அந்தக் கீழ் ஊரில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கொலை வழக்கில் ஒரு வெல்டரிடம் வாக்குமூலம் எழுதினேன். "சம்பவத்தப்ப நானும் அங்கதான் இருந்தேன்" என்றார். வாக்கியம் நன்றாக இருக்கட்டும் என்று "கொலை நடந்தபோது நானும் உடனிருந்தேன்" என்று எழுதினேன். அவர் சொன்னது மத்தியானம் டீக்கடையில் நடந்த கைகலப்பை. கோர்ட்டில் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, "இந்த வார்த்தை அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?" என்று கேட்டார். "நான் எழுதுனதுங்க" என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வெல்டர் அதுவரை பல மாதம் உள்ளே இருந்திருந்தார். விடுதலையாகி வெளியே வந்தவர் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, நான் சொன்னதையே எழுதியிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லை மாற்றியதில்லை.

இனி கூக்கால் விஷயம். நான் அப்போது மேல்மலையில் ஒரு ஸ்டேஷனில் இருந்தேன். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு. ஒரு மழைக்காலச் சாயங்காலம் ராஜாமணி என்ற அரசு பஸ் டிரைவர் தெப்பலாக நனைந்துபோய் ஒரு மனு கொடுக்க வந்தார். அவர்தான் கூக்கால் பஸ்ஸை ஓட்டுகிறவர். அன்று போகும் வழியில் ரோட்டோரம் மண் கரைவதைப் பார்த்து, ஊருக்கு மூன்று கிலோமீட்டருக்கு முன்பே எல்லோரையும் இறக்கிவிட்டு, வெறும் வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். கொட்டுகிற மழையில் நடக்கவிட்டதற்காக ஜனங்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார்கள். மணிகண்டன் என்ற இளைஞன் ஒரு கல்லை எடுத்து வண்டியின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டான். அதற்குத்தான் மனு. என் கையால் எழுதி, ரசீதும் கொடுத்தேன். அன்று ராத்திரியே ரோடு பிளந்துவிட்டது. கூக்காலுக்கு பஸ் நின்றுபோய், ராஜாமணியை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனு அப்படியே கிடந்தது.

ஐந்து மாதம் கழித்து ரோடு சரியானது. திங்கள்கிழமை முதல் பஸ் மறுபடி ஓடும், ராஜாமணியே ஓட்டுவார் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஸ்டேஷனுக்கு வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. செல்போனை மேசைமேல் வைத்தார். யாரோ கைதவறி வேறு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பக்கத்து ஊரான பூண்டியில் ஒரு வேன்காரர் கேட்டு, கண்டக்டர் வழியாக அவருக்கு வந்து சேர்ந்த ஒரு குரல் பதிவு. ஒரு இளம்பெண்ணின் குரல்.

"ஏலே, எல்லாரும் கேட்டுக்கங்க. திங்கக்கெழம வெள்ளனே மொத பஸ்சு. ராஜாமணிதான் ஓட்டிட்டு வாராரு, விசாரிச்சுட்டேன். ஏரி தெரியிற கடேசி வளைவுல மறிக்கிறோம். ஆளைக் கீழ எறக்குறோம். அப்புறம் சம்பவந்தான். மனுசன் சாகுற வரைக்கும் மறக்கக் கூடாது. எவனாச்சும் முன்னாடியே வாயைத் தொறந்தீங்க, தொலைச்சுப்புருவேன்."

எங்கள் இன்ஸ்பெக்டர் கதிரேசன் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சத்தம் போட்டு ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்க வேண்டும். எந்தத் தாளையும் மூன்று தடவை படிப்பார். முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாம் தடவை உட்கார்ந்து, மூன்றாம் தடவை எழுதினவரையே உரக்கப் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு. உரக்கப் படிக்கும்போது பொய் தடுக்கும் என்பார். நேர்மையான மனிதர். கீழே ஒன்பது வருடம் கொலை வழக்குகளாகவே பார்த்துவிட்டு வந்தவர்.

பழைய மனுவை எடுக்கச் சொன்னார். கண்ணாடியை உடைத்த மணிகண்டன் பெயர் அதில் இருந்தது. குரல் பதிவில் பேசுவது அவன் அக்கா பவித்ரா என்று கண்டக்டர் சொல்லியிருந்தார்.

"முன்விரோதம் இருக்கு. நாள், எடம், ஆள் எல்லாம் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதுங்க மேரிம்மா. அந்தப் பொண்ணு பேசுனதை அப்படியே எழுதுங்க. சம்பவம்னு வர்ற எடத்துல அடைப்புக்குறி போட்டு, 'அதாவது கொலை'ன்னு எழுதுங்க."

சம்பவம் வரை எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க."

"ஐயா, அந்தப் பொண்ணு சம்பவம்னு மட்டுந்தான் சொல்லுது."

"சம்பவம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?" குரல் ஒரு படி இறங்கியது.

"உங்களுக்குத் தெரியும்யா. எனக்கும் தெரியும். அந்தப் பொண்ணு என்னத்த நெனைச்சுச் சொல்லுச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாதுங்களே."

ராஜாமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு உயிர்ப் பயம். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். என்னைப் பற்றி யாராவது அப்படிப் பேசியிருந்தால் நானும் ஸ்டேஷனுக்குத்தான் ஓடியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்க வேண்டிய குரலில் சொன்னார்: "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம். நீங்களே போய் விசாரிச்சு எழுதிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆளுங்களைத் தூக்கணும்."

பெண்களை விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம். சனிக்கிழமை காலை ஒரு பெண் காவலரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கூக்காலுக்குப் போனேன். புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரில் சிமெண்ட் இன்னும் நிறம் மாறவில்லை. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பவித்ரா நர்சிங் முடித்துவிட்டு அரசு வேலைக்கு எழுதியிருக்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது. வேலை கிடைத்தால், இவர் மேல் வழக்கு உண்டா என்று கேட்டு ஒரு படிவம் எங்களுக்குத்தான் வரும். கொலைத் திட்டம் என்று ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தால், அது பின்னால் தள்ளுபடி ஆனாலும் அந்தப் பெண் நர்ஸ் சீருடை போடுவது கனவுதான்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் மணிகண்டன் முகம் செத்துவிட்டது. அவன் அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பவித்ரா மட்டும் சாதாரணமாக நாற்காலி எடுத்துப்போட்டாள். நான் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"இது உன் குரலா?"

"ஆமா மேடம்." அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. "ஐயையோ, அவருக்குத் தெரிஞ்சுபோச்சா? எவன் மேடம் சொன்னது?"

"சம்பவம்னா என்னம்மா?"

மழை என்றால் என்ன என்று கேட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "சம்பவம்னா சம்பவந்தான் மேடம்."

"நான் அப்படியே எழுதிட்டுப் போனா, நாளைக்கு உன்னையும் உன் தம்பியையும் கூட்டிட்டுப் போயிருவாங்க. டிரைவரைக் கொல்லத் திட்டம் போட்டீங்கன்னு ஸ்டேஷன்ல பேசிக்கிட்டு இருக்கோம். வெவரமாச் சொல்லு."

சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மாதான் பேசினார்.

"முப்பத்தோரு பேரு மேடம் அந்த வண்டியில. நானும் இவனும் இருந்தோம். மழைக்குள்ள எறக்கி விட்டுட்டாருன்னு மொதல்ல ஏசுனது நாந்தான். என்னென்ன பேசுனேன்னு சொன்னா வாய் கூசுது. இவன் கல்லை எடுத்து எறிஞ்சான். அந்தாளு ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. வண்டியப் பின்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாரு. விடிஞ்சு போய்ப் பாக்குறோம், ரோட்டையே காணோம். பள்ளத்துல கெடக்கு. நாங்க போயிருந்தா எங்க கெடந்துருப்போம்?"

"அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா."

"கண்ணாடி ஒடச்ச கேசு இருக்குன்னு பயம் மேடம்" என்றான் மணிகண்டன் தலையைக் குனிந்தபடி. "அப்புறம், இது போன்ல சொல்ற விசயமா?"

பவித்ரா எழுந்து, "வாங்க மேடம்" என்று என் கையைப் பிடித்தே கூட்டிப்போனாள். வீட்டுக்குப் பின்னால் கேரட் கழுவி மூட்டை பிடிக்கும் கொட்டகை. அங்கே மூன்று பெண்கள் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கேரட், ஒரு மலைப்பூண்டு, ஒரு கேரட், ஒரு மலைப்பூண்டு. ஆள் உயரத்துக்கு மாலை. கொட்டகை முழுக்கப் பூண்டு வாசனை. மூலையில் ஒரு புதுப் பக்கக் கண்ணாடி, ஜிகினாத்தாள் சுற்றி வைத்திருந்தது. சுவரில் ஒரு பெரிய அட்டை. அன்று பஸ்ஸில் இருந்த முப்பத்தொரு பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்திருந்தார்கள்.

"இதுதான் மேடம் சம்பவம்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நான் நம்பினால் போதாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஒரு மனிதர் நம்ப வேண்டும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர்கள் குழுவில் இதற்கு முன்னால் சம்பவம் என்ற சொல் எங்கெங்கே வந்திருக்கிறது என்று தேடிக் காட்டச் சொன்னேன். பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் தேடித் தேடிக் காட்டினாள். தேதி, நேரம், சொன்னவர் பெயர் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பதினோரு இடம்.

சனி சாயங்காலம் அந்தத் தாளை இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்து படித்தார். பிறகு என்னிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

கோர்ட்டில் வாசிக்கிற குரலில் நான் வாசித்தேன்.

"ஒன்று. 'எங்கம்மா இன்னைக்குப் பூண்டுக் கொழம்பு வச்சுச்சு. சம்பவம்.' இரண்டு. 'செவலை ஆடு ரெட்டைக் குட்டி போட்டுருக்கு. நம்ம வீட்ல சம்பவம்.' மூன்று. 'அனாடமி பாஸ். நாந்தேன் சம்பவம் பண்ணேன்.' நான்கு. 'மணிகண்டன் பழனிக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துருக்கான். சம்பவத்தப் பாக்க வெரசா வாங்க.'"

வாசலில் நின்ற பாரா காவலர் இருமுவது போல வெளியே நகர்ந்தார். நான் பதினொன்றும் வாசித்து முடித்தேன். பிறகு கொட்டகையில் பார்த்ததை வாசித்தேன். இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"மாலையப் போட்டுட்டு வெட்டுன கேசை நானே பாத்துருக்கேன், மேரிம்மா."

"பூண்டு மாலையாய்யா?"

கண்ணைத் திறந்தார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை.

"எனக்கு இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தந்தான் தெரியும்" என்றார். "ஒம்பது வருசமா அது ஒண்ணைத்தான் கேட்டேன்."

"அது நம்ம வார்த்தைதாங்கய்யா. நம்ம எழுதுனதை அவங்க எடுத்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட இருந்து இந்தப் பிள்ளைக எடுத்துக்கிச்சுக. இதுகளுக்கு ரத்தமும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது."

"இதுக்கு அடியில கையெழுத்துப் போடுவீங்களா? திங்கக்கெழம அந்த டிரைவருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

போட்டேன். முழுப் பெயர், பதவி, தேதி.

"எஃப்.ஐ.ஆர். திங்கக்கெழம மதியம் வரைக்கும் நிக்கட்டும்" என்றார். "ஆனா அந்த பஸ்ல நான் வருவேன். நீங்களும் வர்றீங்க. போலீஸ் கூட வருதுன்னு டிரைவர்கிட்டச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணுதான் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்குல்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சமும் சிரிப்பு இல்லை. இந்த மனிதரோடு இனி வேலை பார்க்கலாம் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது.

ஞாயிறு பூசையில் சாமியார் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரி மனதோடு வருவார்களா? அந்தக் கூட்டத்தில் எவனாவது ஒருத்தன் வேறு எண்ணத்தோடு நின்றால்? கையெழுத்துப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் சாதாரணச் சேலையில் ஏறினேன். இன்ஸ்பெக்டர் குல்லாயும் மப்ளருமாக டிரைவருக்கு நேர் பின் சீட்டில். பின்னால் ஒரு வேனில் ஆறு காவலர்கள். மன்னவனூர் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. வழியில் யாராவது கை காட்டினால்கூட ராஜாமணிக்குத் தோள் குலுங்கியது.

கடைசி வளைவு. பனிக்குள் முதலில் கால்கள்தான் தெரிந்தன. ரோட்டை அடைத்துக்கொண்டு ஜனம் நின்றது. பஸ் நின்றது. இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பவித்ரா டிரைவர் கதவுக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே, கீழ எறங்குங்கண்ணே."

ராஜாமணி ஸ்டியரிங்கை விடவில்லை. திரும்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்த கேள்வியை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"எறங்குங்க ராஜாமணி. நான் இருக்கேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இறங்கினார். நான் படிக்கட்டில் நின்றேன். இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் ஒரே தாவில் கீழே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். கூட்டத்திலிருந்து முதலில் வந்தவன் மணிகண்டன். கையில் ஜிகினாத்தாள் சுற்றிய பொருள். இன்ஸ்பெக்டரின் கை ஒரு கணம் உயர்ந்து, பிறகு தாழ்ந்தது. மணிகண்டன் தாளைப் பிரித்துக் கண்ணாடியை ராஜாமணியிடம் நீட்டினான். "மன்னிச்சுருங்கண்ணே" என்று சொல்ல முயன்றான். பாதிதான் வந்தது.

அவன் அம்மா முன்னால் வந்தார். "அய்யா, அன்னைக்கு உங்களைப் பேசாத பேச்செல்லாம் பேசுனேன். எங்க முப்பத்தோரு உசுரையும் காப்பாத்திட்டு, ஏச்சையும் வாங்கிட்டுப் போனீங்களே." அதற்குள் நான்கு பேர் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேரட்டும் பூண்டுமாக அந்த மாலை கழுத்தில் விழுந்ததும் ராஜாமணி பாரம் தாங்காமல் ஒரு எட்டு பின்னால் போனார். இன்ஸ்பெக்டர்தான் முதுகில் கை கொடுத்து நிறுத்தினார்.

ராஜாமணி மாலையைத் தொட்டுப் பார்த்தார். அவர்கள் நீட்டிய அட்டையைப் பார்த்தார். பெருவிரல் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நடுரோட்டில் குழந்தை மாதிரி விம்மி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "நான் என்னமோ நெனைச்சுட்டேன்யா, என்னமோ நெனைச்சுட்டேன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள். யாரோ மேளத்தை எடுத்தார்கள். ஒரு பெரியம்மா அவர் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார். பின்னால் வேனில் வந்த ஆறு காவலர்களும் லத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்கள் கையிலும் ஆளுக்கு ஒரு கேரட் வந்துவிட்டது.

பவித்ரா என்னிடம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் மேலெல்லாம் பூண்டு வாசனை.

முப்பத்தொரு பேரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஏற இடம் இல்லாதவர்கள் முன்னால் ஆடிக்கொண்டே நடந்தார்கள். மேளச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் எங்கள் இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டு நாங்கள் முதலும் கடைசியுமாகக் கேட்டோம்.

"ராஜாமணி! ஹாரனை அடிங்க! ஊரு வரைக்கும் கையை எடுக்காதீங்க!"

ராஜாமணி கையை எடுக்கவே இல்லை. அன்று கூக்காலில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

மத்தியானம் ஸ்டேஷனுக்குத் திரும்பியதும், கண்ணாடி உடைத்த பழைய மனுவை ராஜாமணி திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பாதியில் நின்ற அந்த எஃப்.ஐ.ஆர். வரைவை இன்ஸ்பெக்டரே கிழித்துக் கூடையில் போட்டார். அதற்குப் பிறகு எந்த வாக்குமூலத்திலும் அவர் என்னை அடைப்புக்குறி போடச் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் மாவட்டத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. கூக்காலைச் சேர்ந்த பவித்ரா அரசு செவிலியர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறார், அவர் மீது வழக்கு ஏதும் உண்டா, நடத்தை எப்படி என்று கேட்டு. "வழக்கு ஏதும் இல்லை" என்று நிறுத்தி நிதானமாக, என் கையெழுத்து எவ்வளவு அழகாக வருமோ அவ்வளவு அழகாக எழுதி, இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தேன்.

நின்றுகொண்டு படித்தார். உட்கார்ந்து படித்தார். உரக்கப் படிக்கச் சொல்லவில்லை. குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தை நாங்கள் எப்போதும் வெறுமையாகத்தான் விட்டு அனுப்புவோம். அவர் பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தில் தன் கையால் எழுதினார்: "மிக நல்லவர். நேரில் அறிவேன்."

முத்திரை குத்தி, மை காய்கிற வரை ஊதிவிட்டு, அந்தத் தாளை நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன்.